பென்சில் குறிப்புகளும் ஒரு வான்கோழியும்

செப்டம்பர் 9, 1997. செவ்வாய்

இன்று ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரம் ஒன்றையே மூன்று முறை செய்தேன். ஒன்று பச்சையாக, ஒன்று பாதி வெந்து, ஒன்று பொன்னிறமாக. மேலே டிவி ஸ்டூடியோவில் சமையல் நிகழ்ச்சி நடத்தும் செஃப் மார்செல் வேகாத பையை அடுப்புக்குள் வைத்தார். "அடேயப்பா... என்ன வாசனை!" என்று கண்ணை மூடினார். குனிந்தார். பொன்னிறப் பையோடு நிமிர்ந்தார். ஐம்பது நிமிட வேலை, நாற்பது நொடியில். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுப்பு மூட்டப்படவே இல்லை என்பது அவர்களுக்கு அங்கிருந்தே தெரிந்திருக்கும். அப்படியும் தட்டுகிறார்கள்.

கீழே எங்கள் சமையலறையில் இவற்றை ‘இரட்டைகள்’ என்போம். மூன்று செய்தாலும் பெயர் இரட்டைதான்.

எனக்கு இந்தக் கீழ்த்தளம் பிடித்திருக்கிறது. ஜன்னல் இல்லை. "லீனா ஃபுர்டாடோ, எழுந்து நின்று படி" என்று சொல்ல ஆளும் இல்லை. போன மார்ச்சில் வகுப்பில் அப்படி எழுந்து நின்றேன். நான்கு நிமிடம் நின்றேன். ஒரு சொல் வரவில்லை. மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான் என் படிப்பு.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த வேலையும் போச்சுன்னா கிராசா சித்தி பேக்கரியில கல்லாவுல உக்காரு. பேசிப் பேசித்தான் கூச்சம் போகும்." கல்லா என்றால் ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்கு "காலை வணக்கம், என்ன வேணும்?" சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஓட்டிஸ் இன்று ஸ்ட்ராபெரிகளுக்கு உதட்டுச்சாயம் பூசினார். உணவை அழகு பண்ணுவது அவர் வேலை. இதற்கு முன் இருபது வருடம் ஈமச்சடங்கு நிலையத்தில் இறந்தவர்களின் முகத்துக்கு ஒப்பனை செய்தவர்.

"ரெண்டும் ஒரே தொழில்தான் பொண்ணே. யாரும் வாயில வைக்காத வரைக்கும் அழகா இருந்தாப் போதும். அங்க ஒரு வசதி, விளக்குச் சூட்டுல உருக மாட்டாங்க."

சிரிப்பை அடக்கப் போய் குடித்துக்கொண்டிருந்த காபிப்பால் மூக்கில் ஏறிவிட்டது.

செஃப் மார்செலுக்குப் பிரான்ஸ் எந்தத் திசை என்றே தெரியாது. உண்மைப் பெயர் முர்ரே பெல்கி. இங்கே பக்கத்து ஊரான பட்டக்கெட்டில் கம்பளம் விற்றவர். அதற்கான டிவி விளம்பரத்தில் தன்னைக் கம்பளத்தில் சுருட்டிக்கொண்டு தரையில் உருண்டு வருவார். அதைப் பார்த்துப் பெண்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள்; ஸ்டேஷன்காரர்கள் அவர் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை வைத்தார்கள். இப்போதெல்லாம் எந்த சேனலைத் திருப்பினாலும் யாரோ ஒருவர் வெங்காயம் வதக்குகிறார். நம்மிடமும் ஒருவர் இருக்கட்டும் என்று. கத்தியைப் பார்த்தால் முர்ரேக்குப் பயம். பட்டன் காளானைக்கூட அது திருப்பிக் கடிக்கும் என்பதுபோல் தள்ளி நின்று நறுக்குவார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோபம்.

போன வாரம் நான் மதியத்துக்குக் கொண்டுபோன கேல் கீரை சூப்பை முர்ரே கேட்காமலே ஒரு கரண்டி எடுத்தார். இன்று அது டிவியில் வந்துவிட்டது. "என் பாட்டன் ஊரான லியோனின் கீரைச் சாறு." போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து அம்மா கொண்டுவந்த சூப், ஒரே வாரத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டது!

அது போகட்டும். செய்முறை அட்டையில் உப்பு "இரண்டு மேசைக்கரண்டி" என்று அச்சாகியிருக்கிறது. தேக்கரண்டி என்று இருக்க வேண்டும். அட்டை கேட்டு எழுதுகிறவர்களுக்கு உறையில் போட்டு அனுப்புவது என் பிற்பகல் வேலை. இன்று நூற்றுப்பன்னிரண்டு உறை. நூற்றுப்பன்னிரண்டு வீட்டில் கடல்தண்ணீர் குடிப்பார்கள்.

தயாரிப்பாளர் பெர்னியிடம் சொல்லப் போனேன். அவர் அறைக் கதவை மூன்று முறை தட்டினேன் - தட்டினேன் என்றால், தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். மூன்று முறையும் கை அப்படியே இறங்கிவிட்டது.

கீழே வந்து பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும்: "உப்பு இரண்டு தேக்கரண்டி போதும். இறைச்சிக் கடையில் சூரிசோ என்ற காரத் தொத்திறைச்சி கேளுங்கள், அது இல்லாமல் இந்த சூப் இல்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

நூற்றுப்பன்னிரண்டு பேரோடு பேசிவிட்டேன். தொண்டை வலிக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

நிறுத்த முடியவில்லை. உருளைக்கிழங்கு அட்டையில் எழுதியது: "செஃப் மாதிரி உப்பை உயரத்திலிருந்து தூவாதீர்கள். பாதி தரையில் விழும். இங்கே தரையைத் துடைக்க ஆள் இருக்கிறது."

கேரமல் அட்டையில்: "‘ஒரு சிட்டிகை மந்திரம்’ என்று அச்சாகியிருப்பது வெறும் உப்பு."

மாட்டிறைச்சி அட்டையில்: "இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறது. இரண்டரை மணி நேரம் ஆகும். நிகழ்ச்சி இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் அவருக்கு வேறு வழியில்லை."

"மன்னிக்கவும்" போடுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எனக்குக் கடிதம்! உறையின் மேல் "பென்சில், செஃப் மார்செல் நிகழ்ச்சி" என்று இருந்தது. கடிதங்களைப் பிரிப்பதும் நான்தான் என்பதால் தப்பித்தேன்.

வின்த்ரோப் காஸ்கில், வூன்சாக்கெட். எழுபத்தாறு வயது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போன வருடம் இறந்துவிட்டார். "ஐம்பது வருடத்தில் நான் சமையலறைக்குள் போனது சாவி தேடத்தான். செஃப் சொன்னபடி செய்ததை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது. நீங்கள் சொன்னபடி செய்ததை நானே இரண்டு தட்டு சாப்பிட்டேன். அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், நின்றுகொண்டு அல்ல. வெங்காயம் எவ்வளவு நேரம் வதங்க வேண்டும் என்று யாருமே ஏன் உண்மையைச் சொல்வதில்லை?"

பதில் இரண்டு பக்கம் எழுதினேன். முழுக்க வெங்காயத்தைப் பற்றி.

அக்டோபர் 21, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு அம்மாள் தன் அட்டையை நீட்டி முர்ரேயிடம் கையெழுத்துக் கேட்டார். முர்ரே பேனாவைச் சுழற்றி, அழகாகச் சிரித்து, அட்டையைத் திருப்பினார். படித்தார். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு முகம் மெல்ல இறங்கிப் பட்டக்கெட் முகம் வந்தது.

"இது யாரு எழுதினது?"

"நீங்கதான்னு நெனச்சேன்," என்றார் அந்த அம்மாள். "இந்தக் குறிப்புக்காகத்தானே நாங்க எல்லாரும் அட்டை கேக்கறோம்."

அக்டோபர் 22, புதன்

உறையில் அட்டை போடுவது இந்தக் கட்டிடத்தில் நான் ஒருத்திதான். துப்பறிய ஒன்றுமில்லை. பெர்னி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, வாயிலிருந்த சூயிங்கத்தைக் காகிதத்தில் மடித்து வைத்தார். அவர் சூயிங்கத்தைத் துப்பினால் விஷயம் பெரிது என்று ஓட்டிஸ் முன்பே சொல்லியிருக்கிறார்.

"எதுக்குடி இப்படிச் செஞ்சே?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் மேசையிலிருந்த தாளில் எழுதினேன்: "உப்பு தப்பாக இருந்தது."

"அதை எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

எழுதினேன்: "மூன்று முறை வந்தேன்."

"எப்போ வந்தே? நான் பாக்கவே இல்லையே!"

எழுதினேன்: "கதவு வரைக்கும்."

பெர்னி அதைப் படித்தார். உதடு துடித்தது, கோபமா சிரிப்பா தெரியவில்லை. பிறகு சொன்னார்: முர்ரேக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. நான் இருந்தால் அவர் இருக்க மாட்டாராம். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள்வரை இரட்டைகள் செய்ய வேறு ஆள் இல்லை. அதுவரை இருக்கலாம். அதற்குப் பிறகு வர வேண்டாம். பென்சிலை ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தேன். மஞ்சள் பென்சில், முனை மழுங்கியது. குற்றவாளியின் ஆயுதம்போல் அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

சொன்னேன். அம்மா உடனே கிராசா சித்திக்குப் போன் பண்ணினாள். டிசம்பர் ஒன்று முதல் கல்லா. பேக்கரிப் பலகாரங்களில் குலசாடா என்ன விலை, மாலசாடா என்ன விலை என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டுக் கேட்டுப் பழக்குகிறாள். "சிரிச்சுக்கிட்டே சொல்லு," என்கிறாள். சிரித்தேன். "அப்படி இல்ல. பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு."

நவம்பர் 5, புதன்

எல்லோருக்கும் கால் தரையில் இல்லை. நியூயார்க்கில் நாள் முழுக்கச் சமையல் மட்டுமே காட்டும் சேனல் ஒன்றிலிருந்து முர்ரேயைப் பார்க்க ஆள் வருகிறது. திருநாளுக்கு முந்தின நாள், புதன், மாலை ஐந்து மணிக்கு நேரலை நிகழ்ச்சி. ஸ்டூடியோ நிறைய ஆட்கள். பிடித்துப்போனால் முர்ரே நாடு முழுக்கத் தெரிவார்.

நேரலையில் நிறுத்தி நிறுத்தி எடுக்க முடியாது. இரட்டையைச் சமையல் மேடைக்கு அடியில் ஒளித்து வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து அந்தந்த நேரத்தில் கொடுக்க வேண்டும். மேடைக்கு அடியில் புகும் அளவு ஒல்லியாக, சத்தம் போடாமல் ஒரு மணி நேரம் இருக்கக்கூடிய ஆள் யார்?

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முர்ரே மட்டும் கூரையைப் பார்த்தார்.

நவம்பர் 14, வெள்ளி

நேரலையில் முதல் துண்டைச் சாப்பிட ஒரு நேயரை அழைக்கிறார்கள். பெர்னி தேர்ந்தெடுத்தது யாரை? திரு. காஸ்கில்! நிகழ்ச்சிக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தாராம். "மனைவி போயிட்டாங்க, பஸ் ஓட்டினவர், தொப்பி போடுறார், நாய் வெச்சிருக்கார். டிவிக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார் பெர்னி. பென்சிலைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று போனில் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நவம்பர் 25, செவ்வாய்

திருநாள் விருந்து நிகழ்ச்சிக்கு இரண்டு வான்கோழிகள்.

ஒன்று பார்ப்பதற்கு. ஓட்டிஸ் அதை அரை மணி நேரம் மட்டும் சூட்டில் காட்டி, உள்ளே துடைக்கும் காகிதத்தை அடைத்துக் குண்டாக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் கருப்புச் சாஸும் கலந்து தூரிகையால் நான்கு பூச்சு பூசினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. "என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல நிறத்துல ஒருத்தரையும் வழியனுப்பினதில்ல," என்றார். உள்ளே முழுக்கப் பச்சை.

இன்னொன்று சாப்பிடுவதற்கு. அது என்னுடையது. உப்புநீரில் ஒரு நாள் ஊறுகிறது. நாளை நான்கு மணி நேரம் வேகும். முதுகு கொஞ்சம் கோணல், நிறம் சுமார்.

திட்டம் இதுதான்: முர்ரே பூசிய வான்கோழியைக் காட்டுவார். "அடேயப்பா... என்ன வாசனை!" என்பார். கேமரா விருந்தினர் பக்கம் திரும்பும். முர்ரே குனிந்து பூசியதை என்னிடம் தள்ளி, நிஜத்தை வாங்கி நிமிர்வார். பதினோரு முறை ஒத்திகை பார்த்தோம். பதினோரு முறையும் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார்.

நவம்பர் 26, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மேடைக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் காலணிகள். முர்ரேயின் வெள்ளை. திரு. காஸ்கிலின் கருப்பு - கண்ணாடிபோல் துடைத்து, புது நாடா போட்டு வந்திருந்தார். என் தலைக்கு அருகே ஒரு மைக். வதக்கும் சத்தம் வீடுகளில் நன்றாகக் கேட்க வேண்டும் என்று மேடைக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். நிஜ வான்கோழி என் மடியில், தட்டோடு. சூடு துணியைத் தாண்டி வந்தது.

முதல் இருபது நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கூட்டம் சிரித்தது. பிறகு முர்ரே, "ஐயா, உங்களுக்குச் சமையல் கத்துக்கொடுத்தது யாருன்னு நம்ம ஜனங்களுக்குச் சொல்லுங்க!" என்றார். "செஃப் மார்செல்" என்பதுதான் பதில்.

"பென்சில்," என்றார் திரு. காஸ்கில்.

கருப்புக் காலணிகள் அசையவில்லை. வெள்ளைக் காலணிகள் ஒரு அடி பின்னால் போயின.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணினேன். எழுபத்தாறு வயசாச்சு, இதெல்லாம் மறந்துடுது. அட்டைக்குப் பின்னாடி பென்சில்ல எழுதறவர். நான் வந்ததே அவரைப் பாக்கத்தான்."

முர்ரே சிரித்தார். "ஓ, அதுவா! அது நான்தான்!"

என் கழுத்துவரை சூடு ஏறியது. வான்கோழியினால் இல்லை.

"நீங்களா?" என்றார் திரு. காஸ்கில். "‘இந்த செஃபுக்கு வெங்காயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது’ன்னு நீங்களேவா எழுதினீங்க?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. முர்ரே அவசரமாக, "அடேயப்பா என்ன வாசனை!" என்றார். ஆனால் பதற்றத்தில் குனிய மறந்துவிட்டார். வெள்ளைக் காலணிகள் நிமிர்ந்தே நின்றன. கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டது. தோல் கிழிபடும் சத்தம். சாறு ஊற்றும் சத்தம்.

நிஜ வான்கோழி என் மடியில் இருந்தது.

உண்மையை எழுதுகிறேன், இது என் நோட்டுதானே. மூன்று நொடி நான் சும்மா இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். வெட்டட்டும். சோப்பு நுரைக்கட்டும். நியூயார்க் பார்க்கட்டும். எனக்குத்தான் நாளையோடு வேலை இல்லையே!

அப்போது கருப்புக் காலணிகள் மேடையை நோக்கி ஒரு அடி வந்தன. முள்கரண்டி தட்டில் தட்டியது.

"ஐயா, வாயில வைக்காதீங்க! அது பச்சை! மேல பூசியிருக்கறது சோப்பு!"

யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தேன். நான்தான். என் தலைக்கு அருகே இருந்த மைக் அதை இந்த மாநிலம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறது.

முர்ரேயின் குரல், பிரெஞ்சு சுத்தமாகக் கழன்று: "என் மேடை பேசுது."

"உள்ள காகிதம் வேற அடைச்சிருக்கு!" என்றேன். நிறுத்தவே முடியவில்லை.

முர்ரே வான்கோழிக்குள் கையை விட்டார். காகிதத்தின் நுனி கிடைத்தது. இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. தொப்பிக்குள்ளிருந்து துணி எடுக்கும் மாயக்காரன்போல் தலைக்கு மேல் வீசி வீசி இழுத்தார். நீள நீளமாக வெள்ளைக் காகிதம் என் முன்னால் தரையில் வந்து விழுந்தது. கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்து வலிப்பே வந்துவிட்டது. அந்த மனிதருக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. ஆனால் தலையில் விழுகிற கூரையை வித்தையாக்கத் தெரிகிறது. அது எனக்கு வராது. அதையும் எழுதிவைக்கிறேன்.

கருப்புக் காலணிகள் மடங்கின. திரு. காஸ்கிலின் முகம் மேடைக்கு அடியில் வந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"பென்சிலா?"

"ஆமா."

"இவரு தான்தான்னு சொன்னாரே?"

"பொய்."

அதுவும் மைக்கில் போய்விட்டது.

நான் நிஜ வான்கோழியை மேலே நீட்டினேன். கேமராவில் என் இரண்டு கை மட்டும் தெரிந்ததாம். அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், இன்னொரு துண்டு.

நவம்பர் 27, வியாழன். நன்றித் திருநாள்

வீட்டில் பதினாறு பேர். அத்தனை பேரும் நேற்று பார்த்திருக்கிறார்கள். அம்மா மட்டும் மாலைவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "டிவியில ஒரு பொண்ணு கத்தினா. ஐயோ, யாரு பெத்த பொண்ணோ இப்படிக் கத்துறாளேன்னு நெனச்சேன். அப்புறம்தான் கை தெரிஞ்சுது. என் கையாட்டமே இருந்துச்சு."

டிசம்பர் 1, திங்கள்

காலையில் பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெர்னி போன். "எங்க இருக்கே? ஏன் வரலை?"

என்னை வர வேண்டாம் என்று சொன்னது அவர்தானே என்று மெதுவாகச் சொன்னேன்.

"அப்படியா சொன்னேன்? எழுத்துல இருக்கா?"

அம்மா கிராசா சித்திக்குப் போன் பண்ணி, "ஒரு வாரம் பொறு," என்றாள்.

டிசம்பர் 3, புதன்

நியூயார்க்குக்கு முர்ரேயைப் பிடித்துவிட்டது. பிடித்தது சமையல் இல்லை. காகிதம் இழுத்ததும், அடியிலிருந்து வந்த திட்டும். "மேடைக்கு அடியிலிருந்து திட்டு வாங்கும் செஃப்" - அதுதான் இனி நிகழ்ச்சி. வாரம் ஐந்து நாள். திட்டுகிறவளும் வேண்டுமாம்.

முர்ரே கீழே வந்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "தபாரு பொண்ணே, உன்மேல இருக்கிற கோபம் எனக்கு இன்னும் போகல. ஆனா நீ திட்டினா ஜனங்க சிரிக்கறாங்க. வந்துடு." பிறகு என் பாத்திரத்திலிருந்து கேட்காமலே ஒரு கரண்டி சூப் எடுத்தார்.

டிசம்பர் 10, புதன்

நான் திட்டுவதைச் சோதித்துப் பார்க்க, சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நியூயார்க்கிலிருந்து வந்திருந்தார். ஒரு மைக். மூன்று நாற்காலி. முர்ரே வேண்டுமென்றே வெங்காயத்தைத் தீயவிட்டார். "திட்டுங்க," என்றார் அந்தப் பெண் அன்பாக.

நான்கு நிமிடம் நின்றேன்.

ஒன்றும் வரவில்லை. வெங்காயம்தான் கரியாகியது. அதை மட்டும் போய் அணைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நியூஜெர்சியில் ஒரு நடிகை கிடைத்துவிட்டாளாம். பெயர் டெல்ஃபின். நன்றாகத் திட்டுவாளாம். நிம்மதி. நிம்மதிதான். பிறகு ஏன் அழுதேன்?

டிசம்பர் 19, வெள்ளி

முர்ரே போய்விட்டார். ஓட்டிஸையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கீழ்த்தளத்தில் நானும் நான்கு சாக்குக் கடிதங்களும்.

பெர்னி படியில் உட்கார்ந்து சூயிங்கத்தை மென்றார். "செஃப் இல்லாம என்ன நிகழ்ச்சி போடறதுன்னு தெரியல. ஆனா இந்தக் கடிதம் நிக்கல. எல்லாம் பென்சிலுக்கு. ஒண்ணு பண்ணலாம். சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறுவரைக்கும் ஒரு போன். சமைச்சுக்கிட்டு இருக்கும்போதே சந்தேகம் வந்தாக் கேக்கலாம். நீ சொல்லணும்."

தலையை ஆட்டினேன், முடியாது என்று.

"ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். முகம் தெரியாது. வெங்காயம் தீஞ்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தர், அவ்வளவுதான். அந்தக் கிழவர் வாயில வைக்கப்போனப்ப வந்துச்சே. அப்ப யாரு உன்னைப் பேசச் சொன்னா?"

பேக்கரி என்றால் முந்நூறு பேர், நேருக்கு நேர். அம்மா ஏப்ரனுக்கு இஸ்திரிகூடப் போட்டு வைத்திருக்கிறாள்.

திங்கள்கிழமைக்குள் சொல்கிறேன் என்று... வாயால்தான் சொன்னேன்.

ஜனவரி 5, 1998. திங்கள்

முதல் நாள். முதல் போன்: எடுத்தேன், மூச்சு விட்டேன், வைத்துவிட்டேன்.

இரண்டாவது: ஒரு பெண், அழுகிற குரலில், "மாவு போட்ட கறிச்சாறு கட்டி தட்டிப்போச்சு, மாமியார் கூடத்துல உக்காந்திருக்காங்க!" வடிகட்டச் சொன்னேன். எந்த வடிகட்டி என்றார். டீ வடிகட்டி இருந்தால் அதுவே போதும் என்றேன். பாதியில், அவர் மாமியார் என்ன மாதிரி ஆள் என்று நானே கேட்டுவிட்டேன்! ஏன் கேட்டேன்?

மொத்தம் ஒன்பது பேர். வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

முப்பத்தொரு போன். ஒருவர் என்னோடு சண்டை போட்டார், மட்டிச் சதையில் பூண்டு போடலாமா கூடாதா என்று. நான் விடவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மதியம் வீட்டுக்கு ஒரு போன். நியூயார்க்கிலிருந்து டெல்ஃபின், அந்த நடிகை. பெர்னியிடம் நம்பர் வாங்கினாளாம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நாளைக்கு இவர் மீன் பொரிக்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிற திட்டு ஒண்ணும் உறைக்கல. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

மீனைத் துடைக்காமல் எண்ணெயில் போடுவார், அங்கே பிடி என்றேன். எண்ணெய் தெறித்ததும் பின்னால் குதிப்பார். குதித்தால், கம்பளத்தில் உருண்டவருக்கு மீனைப் பார்த்துப் பயமா என்று கேள் என்றேன். அவள் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டாள். கோழிக்கு என்ன, மாவுக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குச் சமைக்கத் தெரியாதாம்; அவள் வீட்டு அடுப்புக்குள் ஸ்வெட்டர் அடுக்கி வைத்திருக்கிறாளாம். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மணி நேரமா என்னடி பேச்சு? வேற யாராவது போன் பண்ண வேண்டாமா? வாயை மூடிட்டு வந்து சாப்பிடு!"

"இதோம்மா," என்று சொல்லிவிட்டு டெல்ஃபினிடம் மாவைப் பற்றிய மீதியையும் சொல்லி முடித்தேன். சாப்பிடப் போனபோது எல்லாம் ஆறிப்போயிருந்தது.